துயரத்துக்கு உருக்கொடுத்தல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மையாக்கப்பட்ட அச்சு வடிவம்)



“மனசுல இருக்கறத எல்லாம் கொட்டிடு, பாரம் குறைஞ்சிடும்.” துக்க வீட்டிலும், தேர்வு முடிவு வந்த அன்றும், கல்யாணப் பேச்சு முறிந்த இரவிலும் காதில் விழும் முதல் ஆறுதல் இதுதான். சொல்பவர் அன்போடு சொல்கிறார். கேட்பவருக்கும் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கிறது. கலைக்கும் இலக்கியத்துக்கும் மனநலத்தில் பங்கு உண்டு என்று வாதாடுகிறவர்களில் பலரும் இந்த நம்பிக்கையின் மேலேயே நிற்கிறார்கள். உள்ளே தேங்கிய கோபமும் அழுகையும் ஓவியமாகவோ பாட்டாகவோ நாட்குறிப்பாகவோ வெளியே வந்துவிட்டால் மனம் லேசாகிவிடும் என்பது அவர்கள் கணக்கு.

இன்றைய உரை இந்தக் கணக்கைக் கேள்விக்கு உட்படுத்துகிறது. கடினமான உணர்ச்சிகளைத் தாங்கவும் நெறிப்படுத்தவும் படைப்புச் சிந்தனை உதவுகிறது. அதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. ஆனால் அந்தச் சான்றுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் தெரியவருவது வேறு. உணர்ச்சியைக் கொட்டும்போது கிடைக்காத ஒன்று, அதற்கு உருக்கொடுக்கும்போது கிடைக்கிறது. நடந்ததற்கு இன்னொரு விளக்கத்தைக் கண்டுபிடிப்பதும், குழம்பிக் கிடப்பதை வரிசைப்படுத்திச் சொல்வதும், தாளில் ஒரு கோட்டைச் சரியான இடத்தில் நிறுத்துவதும் அந்த உருக்கொடுத்தலின் வகைகள். கொட்டுவதற்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. உருக்கொடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், கற்றுக்கொடுக்கவும் முடியும். இந்த வாதத்தை ஆறு பகுதிகளாக இந்த அவையின் முன் வைக்கலாம்.

1. கொட்டினால் குறைகிறதா?

அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். மாணவர்கள் ஆளுக்கொரு கட்டுரை எழுதினார்கள். சக மாணவர் ஒருவர் மதிப்பிட்டதாகச் சொல்லி, மிக மோசமான கட்டுரை என்ற குறிப்போடு அது அவர்களிடமே திரும்பி வந்தது. கோபம் மூண்டது. இப்போது அவர்கள் மூன்று பிரிவானார்கள். முதல் பிரிவினர், தங்களை அவமதித்தவரை மனத்தில் நிறுத்திக்கொண்டு குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். இரண்டாம் பிரிவினர் அதே பையை, உடற்பயிற்சி செய்வதாக எண்ணிக்கொண்டு குத்தினார்கள். மூன்றாம் பிரிவினர் சில நிமிடங்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

அதன்பின், அவமதித்தவருக்குக் காதைத் துளைக்கும் ஓசையைத் தண்டனையாகத் தரும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைத்தது. அவமதித்தவரை நினைத்து நினைத்துக் குத்தியவர்களிடம்தான் கோபமும் தாக்கும் வேகமும் மிகுதியாக இருந்தன. சும்மா உட்கார்ந்திருந்தவர்களே மிகக் குறைவாகத் தாக்கினார்கள். கோபத்தைக் கையால் கொட்டியவர்கள் அதற்குத் தீனி போட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குவதா? அதற்கும் விடை இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் குரோஸ் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை சிகிச்சையில் ஒரு கையைத் துண்டிக்கும் படத்தை மக்கள் பார்த்தார்கள். உணர்ச்சி முகத்தில் தெரியாமல் மறைத்துக்கொள்ளுங்கள் என்று சிலரிடம் சொல்லப்பட்டது. அவர்கள் முகம் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே எழுந்த அருவருப்பு குறையவில்லை. உடலின் பதற்றக் குறிகள் கூடின. வேறு சிலரிடம், விலகி நின்று, நுட்பத்தைக் கவனிப்பது போலப் பாருங்கள் என்று சொல்லப்பட்டது. அவர்களுக்கு அருவருப்பே குறைவாக எழுந்தது; உடலும் அந்த விலையைக் கொடுக்கவில்லை.

கொட்டுவது ஒன்று, அடக்குவது ஒன்று என்று இரண்டு வழிகளை மட்டுமே நம் வீடுகள் பிள்ளைகளுக்குக் காட்டிவந்திருக்கின்றன. பெண்பிள்ளை அழலாம், கோபப்படக் கூடாது. ஆண்பிள்ளை கோபப்படலாம், அழக் கூடாது. மூன்றாவது வழியைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

2. இன்னொரு விளக்கத்தைக் கண்டுபிடித்தல்

மூன்றாவது வழியை உளவியலாளர்கள் மறுமதிப்பீடு என்கிறார்கள். நிகழ்ச்சி மாறாது, அதற்கு நாம் தரும் விளக்கம் மாறும். விளக்கம் மாறினால் உணர்ச்சியும் மாறுகிறது. இதை ஆய்வகத்தில் காட்டிய முன்னோடி ரிச்சர்ட் லாசரஸ். 1964-இல் அவரும் அவருடைய குழுவினரும், ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் சடங்கு ஒன்றில் உடலைக் கீறும் காட்சிகள் கொண்ட படத்தைப் பார்வையாளர்களுக்குத் திரையிட்டார்கள். படம் ஒன்றுதான், பின்னணியில் ஒலித்த குரல் வேறு வேறு. வலியையும் ஆபத்தையும் அழுத்திச் சொன்ன குரலைக் கேட்டவர்களின் உடலில் பதற்றம் கூடியது. ஒரு மானுடவியலாளர் குறிப்பெடுப்பது போல விலகி நின்று விவரித்த குரலைக் கேட்டவர்களுக்குப் பதற்றம் குறைந்தது. கண்ணுக்கு எதிரே இருந்த ரத்தம் எல்லோருக்கும் ஒன்றே.

2002-இல் கெவின் ஆக்ஸ்னரும் குரோஸும் உடன் ஆய்வாளர்களும் இதை மூளைப் படமெடுப்பில் பார்த்தார்கள். துன்பக் காட்சிகளைக் கொண்ட புகைப்படங்களுக்கு வேறு பொருள் கொள்ளும்படி கேட்டார்கள். தேவாலயத்துக்கு வெளியே பெண்கள் அழுகிறார்கள் என்றால், அது சாவு வீடாகவே இருக்க வேண்டுமா, மணப்பெண்ணை வழியனுப்பும் அழுகையாகவும் இருக்கலாமே என்பது போல. அப்படிப் பொருளை மாற்றும்போது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. அச்சத்தோடும் ஆபத்துணர்வோடும் தொடர்புடைய அமிக்டலாவின் கொந்தளிப்பு தணிந்தது.

இதில் படைப்புக்கு எங்கே இடம்? சோதனைச்சாலையில் இன்னொரு விளக்கத்தை ஆய்வாளரே கையில் கொடுத்துவிடுகிறார். வாழ்க்கையில் யாரும் கொடுப்பதில்லை. அவமானப்பட்டு நிற்கும் அந்த நிமிடத்தில் அதை நாமே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

ஜெர்மனியைச் சேர்ந்த ஹன்னெலோர் வேபரும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத்தான் தொட்டது. கோபமூட்டும் ஒரு சிறு சம்பவத்தைக் கொடுத்து, அதைக் கோபம் தணியும்படி எத்தனை விதமாகப் பார்க்க முடியும் என்று எழுதச் சொன்னார்கள். எத்தனை விளக்கங்கள், அவற்றில் எத்தனை உண்மையிலேயே வேறு வேறு வகை என்று எண்ணினார்கள். ஒரு செங்கல்லை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்று கேட்கும் ஜே. பி. கில்ஃபோர்டின் புகழ்பெற்ற படைப்பாற்றல் சோதனையின் வாரிசு இது. அங்கே செங்கல், இங்கே அவமானம்.

ஓர் எடுத்துக்காட்டை இந்த அவையே சோதித்துப் பார்க்கலாம். நெருங்கிய தோழி வருவதாகச் சொன்ன நேரத்துக்கு வரவில்லை, அழைத்தாலும் எடுக்கவில்லை. முதல் விளக்கம் தானாக வந்து நிற்கும்: “என்னை மதிக்கல.” இரண்டாவதும் பெரும்பாலும் அதன் தங்கையாகவே இருக்கும்: “அவளுக்குப் புது ஆளுங்க கிடைச்சிட்டாங்க.” மூன்றாவதிலிருந்துதான் மனம் உழைக்கத் தொடங்குகிறது. வழியில் ஏதோ ஆகியிருக்கலாம். அவள் வீட்டில் நம்மிடம் சொல்ல முடியாத ஒன்று நடந்திருக்கலாம். சென்ற முறை நாம் பேசிய ஒரு சொல் அவளைத் தைத்திருக்கலாம். ஐந்தாவது, ஆறாவது விளக்கத்துக்கு வரும்போது, முதல் விளக்கம் பொய்யாகிவிடுவதில்லை. பல சாத்தியங்களில் ஒன்றாக அதன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. கோபத்தின் பிடி தளர்வது அப்போதுதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கண்டுபிடித்த விளக்கத்தை அந்த ஆளால் நம்ப முடிய வேண்டும். “எல்லாம் நன்மைக்கே” என்பது மறுமதிப்பீடு ஆகாது. அது எந்தத் துயரத்துக்கும் பொருந்தும். அதனாலேயே எந்தத் துயரத்தையும் தொடுவதில்லை. இந்த ஆளின் இந்த இழப்புக்கென்று செய்யப்பட்ட விளக்கமே வேலை செய்யும்.

மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்க்ல் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. மனைவியை இழந்து இரண்டு ஆண்டுகளாக மீளாத முதிய மருத்துவர் ஒருவர் அவரிடம் வந்தார். ஃபிராங்க்ல் ஆறுதல் சொல்லவில்லை. நீங்கள் முதலில் இறந்திருந்தால் உங்கள் மனைவி என்ன பாடு பட்டிருப்பார் என்று ஒரு கேள்வி கேட்டார். பெரிதும் துன்பப்பட்டிருப்பாள் என்றார் மருத்துவர். அந்தத் துன்பத்திலிருந்து அவரைக் காத்தவர் நீங்கள். அதன் விலையாகத்தான் இப்போது தனியாக வருந்துகிறீர்கள் என்று ஃபிராங்க்ல் சொன்னதும், அவர் கைகுலுக்கிவிட்டு எழுந்து போனார். இழப்பு அப்படியே இருந்தது. அதற்கு அந்த மனிதர் ஏற்கக்கூடிய ஒரு பொருள் கிடைத்தது. அந்தக் கேள்வியைக் கண்டுபிடித்தது படைப்புச் செயல் என்பதில் இந்த உரைக்கு ஐயமில்லை.

3. பெயரும் வரிசையும்

கலிஃபோர்னியாவின் மேத்யூ லீபர்மன் 2007-இல் ஓர் எளிய செய்தியைக் காட்டினார். கோபமோ அச்சமோ தெரியும் முகப்படத்தைப் பார்க்கும்போது, அந்த உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தாலே அமிக்டலாவின் கிளர்ச்சி குறைகிறது. அந்த முகத்துக்கு ஆணின் பெயரா பெண்ணின் பெயரா பொருந்தும் என்று தேர்ந்தெடுத்தால் அப்படிக் குறைவதில்லை. உணர்ச்சிக்கு வைக்கும் பெயருக்கே அந்த ஆற்றல்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் படித்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளான மெய்ப்பாடுகள் எட்டு என்று சொல்லி அது நிறுத்திக்கொள்வதில்லை. ஒவ்வொன்றும் எதை நிலைக்களமாகக் கொண்டு பிறக்கிறது என்று நான்கு நான்காகப் பிரிக்கிறது. பிறர் இகழ்ந்ததால் வரும் அழுகை வேறு, இழந்ததால் வருவது வேறு, முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்ந்ததால் வருவது வேறு, வறுமையால் வருவது வேறு. இலக்கணமாக மட்டுமே பாடம் நடத்தப்படும் இந்தப் பகுப்பை, தன் அழுகை எந்த வகை என்று ஒரு மாணவி கேட்டுக்கொள்ளும் கருவியாகவும் வகுப்பில் பயன்படுத்தலாம். மதிப்பெண் குறைந்ததற்காக அழுகிறோம் என்று எண்ணியிருப்பவள், தேடிப் பார்த்தால், அத்தையின் எதிரில் அப்பா சொன்ன ஒரு சொல்லுக்காக அழுதுகொண்டிருக்கக்கூடும். இரண்டுக்கும் மருந்து வேறு.

பெயர் வைத்த பிறகு வரிசைப்படுத்த வேண்டும். இதற்கு எழுத்தைப் போல உதவும் கருவி வேறில்லை. 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். சிலர் சாதாரண விஷயங்களை எழுதினார்கள். சிலர் தங்கள் வாழ்வின் பெருந்துயரைப் பற்றி உணர்ச்சியை மட்டும் எழுதினார்கள். சிலர் நடந்ததை மட்டும் எழுதினார்கள். சிலர் நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு உணர்ச்சியை எழுதியவர்களின் மனநிலை மோசமாகவே இருந்தது. கொட்டியதும் பாரம் குறையும் என்ற நம்பிக்கை இங்கேயும் உடைகிறது. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில், நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்குப் போவது குறைந்தது.

ஏன் குறைந்தது என்ற கேள்வி பென்னிபேக்கரை விடவில்லை. எழுதியவர்களின் சொற்களைக் கணினியில் எண்ணத் தொடங்கினார். அவரும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு, நலம் பெற்றவர்களின் எழுத்தில் நாளுக்கு நாள் ஒரு மாற்றம் இருந்ததைக் காட்டியது. ‘ஏனென்றால்’, ‘அதனால்’ போன்ற காரணச் சொற்களும், ‘இப்போது புரிகிறது’ என்பது போன்ற தெளிவுச் சொற்களும் பெருகிவந்தன. சிதறலாகத் தொடங்கிய எழுத்து மெல்ல மெல்லக் கதையாகியிருந்தது. நான்கு நாளும் ஒரே புலம்பலை எழுதியவருக்கும், முதல் நாளிலேயே முடிந்த கதையை வைத்திருந்தவருக்கும் அந்தப் பயன் அவ்வளவாக இல்லை. கதையைக் கட்டும் உழைப்பில்தான் மருந்து இருக்கிறது.

4. தெரெசீன் குழந்தைகள்

இந்த உரை சற்று நின்று பேச விரும்பும் இடம் இது.

பிராகு நகருக்கு வடக்கே உள்ள தெரெசீன் என்னும் கோட்டை நகரத்தை நாஜிகள் 1941 நவம்பரில் யூதர்களை அடைக்கும் முகாமாக்கினார்கள். சுமார் 1,40,000 பேர் அங்கே அனுப்பப்பட்டார்கள். ஏறக்குறைய 33,000 பேர் பசியாலும் நோயாலும் அங்கேயே மாண்டார்கள். 80,000-க்கும் மேற்பட்டோர் அங்கிருந்து ஆஷ்விட்ஸ் முதலிய கொலைக்களங்களுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். 1942 டிசம்பரில் அந்த முகாமுக்குக் கொண்டுவரப்பட்டவர்களில் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் ஒருவர். வியன்னாவில் 1898-இல் பிறந்தவர். யோஹன்னஸ் இட்டனிடம் பயின்று, அவரைத் தொடர்ந்து ஜெர்மனியின் பவ்ஹவுஸ் கலைப்பள்ளிக்குச் சென்ற ஓவியர். முகாமுக்குக் கொண்டுபோக அனுமதிக்கப்பட்ட சொற்ப மூட்டையில் ஓவியப் பொருள்களையும் அவர் வைத்திருந்தார்.

முகாமில் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தத் தடை. படம் வரைவதையும் கைவேலையையும் காவலர்கள் கண்டுகொள்ளவில்லை. அந்த இடைவெளியில் ஃப்ரீடல் வகுப்பு நடத்தினார். தாள் கிடைக்காது, அலுவலகப் படிவங்களின் பின்பக்கமும் பொட்டலக் காகிதமும் உதவின. பெற்றோரைப் பிரிந்து, பசியோடு, அடுத்த ரயிலில் யார் பெயர் இருக்கும் என்று தெரியாமல் இருந்த குழந்தைகள் அவர்கள். “மனத்தில் உள்ள பயத்தையெல்லாம் வரைந்து தள்ளுங்கள்” என்று சொல்லி விட்டுவிடுவது எளிது. அவர் தேர்ந்தெடுத்தது வேறு வழி. தாளத்துக்கு ஏற்பக் கோடு இழுக்கப் பழக்கினார். பழைய மேதைகளின் ஓவியங்களைக் காட்டி, ஒளி எங்கே விழுகிறது, உருவங்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்க வைத்தார். காகிதத்தைக் கிழித்து ஒட்டிப் படம் ஆக்கச் சொன்னார். வரைந்த படத்தில் பெயரை எழுத வைத்தார். எண்களாக மாற்றப்பட்டிருந்த பிள்ளைகள் தங்கள் பெயரைத் தாங்களே எழுதினார்கள்.

அவர்கள் வரைந்தவற்றில் முகாமின் அடுக்குக் கட்டில்களும் சோற்று வரிசையும் உண்டு. அவற்றோடு வீடுகள், பூக்கள், மேசை விளக்குகள், மலைகள், பட்டாம்பூச்சிகள். 1944 அக்டோபரில் ஃப்ரீடல் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் குழந்தைகளிலும் பெரும்பாலோர் உயிர் பிழைக்கவில்லை. போவதற்கு முன் அவர் சேர்த்துவைத்திருந்த படங்கள், ஏறக்குறைய 4,500, இரண்டு பெட்டிகளில் தப்பின. இன்று அவை பிராகு யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஓவியம் அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றியது என்று சொல்வது பொய்யாகும். அவர்களுக்குச் செய்யும் அவமதிப்பும் ஆகும். அவர்களைக் கொன்றது மனச்சோர்வு அன்று; ஓர் அரசு. ஃப்ரீடலின் வகுப்பு தந்தது, இருந்த நாள்களில் தங்கள் கண்ணையும் கையையும் மனத்தையும் தாங்களே ஆளும் சில மணி நேரங்கள். அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஃப்ரீடலிடம் வியன்னாவிலும் பிராகிலும் பயின்ற ஈடித் கிராமர் 1938-இல் நியூயார்க் சென்று உயிர் தப்பினார். அங்கே வில்ட்விக் என்னும் பள்ளியில், வாழ்க்கையால் அடிபட்டு வந்த சிறுவர்களுடன் 1950 முதல் பணியாற்றினார். அமெரிக்காவில் கலைவழிச் சிகிச்சையை நிறுவியவர்களில் அவர் ஒருவர். ஒரு குழந்தை வண்ணத்தையும் களிமண்ணையும் கையாளும் விதங்களை அவர் வகைப்படுத்தினார். வண்ணத்தை வீசி அடிப்பது, களிமண்ணைக் குத்துவது எல்லாம் அவர் கணக்கில் வெறும் கட்டற்ற வெளியேற்றம். அச்சத்தால் ஒரே பூவைத் திரும்பத் திரும்ப வரைவது தற்காப்பு. இவற்றைத் தாண்டி, தன் உணர்ச்சியை வடிவத்துக்குள் கொண்டுவந்து, பார்ப்பவருக்கும் அது சென்று சேரும்படி ஆக்கும்போதுதான் கலை தன் முழு வேலையைச் செய்கிறது என்றார். ஆகவே அவர் வகுப்பில் சிகிச்சையாளர் கலையாசிரியராகவும் இருந்தார். தூரிகையை எப்படிப் பிடிப்பது என்று கற்றுத்தருவதும் சிகிச்சையின் பகுதிதான்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு ஜெனிஃபர் டிரேக்கும் எலன் வின்னரும் 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு எதிர்பாராத துணையாக வந்தது. 6 முதல் 12 வயது வரை உள்ள குழந்தைகளிடம் ஏமாற்றம் தந்த ஒரு நிகழ்ச்சியை நினைக்கச் சொன்னார்கள். பிறகு சிலரை அந்த நிகழ்ச்சியையே வரையச் சொன்னார்கள். சிலரை ஒரு வீட்டை வரையச் சொன்னார்கள். சிலர் வேறொரு படத்தைப் பார்த்து வரைந்தார்கள். மனநிலை நன்றாகத் தேறியது வீட்டை வரைந்த குழந்தைகளுக்கே. பெரியவர்களிடம் செய்த ஆய்வுகளிலும், துயரத்தையே வரைந்தவர்களை விட வேறொன்றை வரைந்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள். இது குறுகிய நேர மாற்றம்தான். வாழ்நாள் காயத்தை ஒரு வீட்டுப் படம் ஆற்றிவிடாது. ஆனாலும் சன்னலை எங்கே வைப்பது, கூரை எந்தக் கோணத்தில் சரியும் என்று மனம் முழுதாக ஈடுபடும்போது அதற்குக் கிடைக்கும் ஓய்வை ஓடி ஒளிவது என்று சொல்லக் கூடாது.

இங்கே இருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்பு வந்ததும் ஓவிய வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குத் தாரைவார்க்கும் வழக்கம் நம் பள்ளிகள் பலவற்றில் இருக்கிறது. பிள்ளைகளின் மனம் மிக இறுக்கமாக இருக்கும் ஆண்டில், அதைத் தளர்த்தத் தெரிந்த பாடவேளையைப் பறித்துக்கொள்கிறோம். அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

5. வேறொருவராக நின்று

ஃபிராங்க்ல் தாமே வதைமுகாம்களில் அடைபட்டிருந்தவர். புண்பட்ட கால்களோடு குளிரில் வேலைக்கு நடந்துபோன ஒரு நாளில், அன்றாட அற்ப அவதிகளையே எண்ணிக்கொண்டிருந்த தம் மனத்தின் மீது வெறுப்பு வந்ததாக எழுதுகிறார். உடனே தம்மை வெளிச்சமான, வெதுவெதுப்பான ஒரு மண்டபத்தின் மேடையில் நிற்பவராகக் கற்பனை செய்தார். எதிரே ஆர்வமுள்ள அவை. அவர் பேசிக்கொண்டிருந்த தலைப்பு, வதைமுகாமின் உளவியல். அந்தக் கணத்தில் அவரை வாட்டியதெல்லாம் அவர் ஆராயும் பொருளாயிற்று.

தன் துயரத்திலிருந்து இப்படி விலகி நிற்பதை ஈத்தன் கிராஸ் என்னும் ஆய்வாளர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மேடையேறுவதற்கு முன் ‘நான் ஏன் பயப்படுகிறேன்’ என்று கேட்டுக்கொள்வதை விட, தன் பெயரையே சொல்லி, இன்னொருவரிடம் கேட்பது போலக் கேட்டுக்கொள்கிறவர்களுக்குப் பதற்றம் குறைகிறது என்று 2014-இல் அவர் குழு காட்டியது. 2017-இல் ரேச்சல் வைட், கிராஸ் முதலியோர் 4, 6 வயதுக் குழந்தைகளுக்குச் சலிப்பூட்டும் ஒரு வேலையைக் கொடுத்து, பக்கத்தில் விளையாட ஓர் ஐபேடையும் வைத்தார்கள். பேட்மேன் போன்ற ஒரு பாத்திரமாகத் தன்னை எண்ணி, அந்த உடையின் ஒரு பகுதியையும் அணிந்துகொண்ட குழந்தைகளே வேலையில் அதிக நேரம் நிலைத்திருந்தார்கள். வேடம் போடுவது விளையாட்டு மட்டும் அன்று.

தமிழ் இலக்கியம் படிப்பவர் இங்கே அகப்பாடலை நினைக்காமல் இருக்க முடியாது. காதலின் துயரைப் பாடும் அந்தக் கவிதைகளில் தலைவன், தலைவி யார் என்று பெயர் சுட்டக் கூடாது என்பது விதி. புலவர் தலைவியாகப் பேசுகிறார், தோழியாகப் பேசுகிறார், செவிலியாகப் பேசுகிறார். ஆண் புலவர்கள் பலர் பெண்ணின் குரலில் பிரிவைப் பாடியிருக்கிறார்கள். யாருடைய துயரம் என்ற கேள்வியை அந்த மரபு வேண்டுமென்றே மூடிவைக்கிறது. அப்படி மூடிவைப்பதாலேயே அவரவர் துயரத்தை அதற்குள் வைத்துப் பார்க்க இடம் கிடைக்கிறது. அகமரபு மருத்துவத்துக்காக உருவானது என்று இந்த உரை சொல்லவில்லை; இந்த ஆய்வுகள் அளந்து காட்டும் விலகலை ஒரு கவிதை மரபு தன் அடிப்படை விதியாகவே வைத்திருந்தது என்று மட்டும் சொல்கிறது.

ஏட்டுக்கு வெளியே இருக்கும் சான்று ஒப்பாரி. ‘ராகம் போட்டு அழுகிறாள்’ என்று படித்தவர்கள் ஏளனம் பேசுவதுண்டு. அந்த ராகத்தில்தான் விஷயமே இருக்கிறது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொள்ள, ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். மெட்டு உண்டு, இணை இணையாக வரும் அடிகள் உண்டு, தாய்க்கு ஒரு மாதிரி, கணவனுக்கு ஒரு மாதிரி என்று உவமைகளும் உண்டு. அந்தச் சட்டகத்துக்குள் ஒருத்தி தன் சொந்தச் சொற்களை அந்த நிமிடத்தில் இட்டு நிரப்புகிறாள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆய்வு செய்த மானுடவியலாளர் இசபெல் கிளார்க்-தெசே, 2005-இல் வெளிவந்த தம் நூலில், பெண்கள் அங்கே இறந்தவருக்காக மட்டும் அழுவதில்லை, தங்கள் வாழ்வின் இழப்புகளைப் பாடுகிறார்கள் என்று எழுதினார். அண்ணன் எட்டிப் பார்க்காததும், புகுந்த வீட்டில் பட்டதும் சாதாரண நாளில் வாயைத் திறந்து சொல்ல முடியாதவை. மெட்டுக்குள் வந்தால் சொல்லலாம். வெளியில் நின்று பார்ப்பவருக்கு அது கொட்டுவது போலத் தெரியும். உள்ளே நடப்பது கவிதை கட்டும் வேலை. கேட்டுத் திருத்தி உடன்பாடும் ஒரு சபையும் அங்கே இருக்கிறது.

6. எங்கே உதவாது

எல்லைகளைச் சொல்லாமல் இந்த வாதத்தை முடிப்பது நேர்மையாகாது.

உணர்ச்சி மிகக் கடுமையாக இருக்கும் கணத்தில் புது விளக்கம் தேடச் சொல்வது வீண். கால் ஷெப்பஸ், குரோஸ் முதலியோர் 2011-இல் காட்டியபடி, உணர்ச்சியின் வேகம் குறைவாக இருக்கும்போது மக்கள் மறுமதிப்பீட்டைத் தேர்கிறார்கள். வேகம் கூடினால் கவனத்தை வேறு பக்கம் திருப்பவே விரும்புகிறார்கள். அவர்கள் தேர்வில் நியாயம் இருக்கிறது. வீட்டில் சாவு விழுந்த அன்றைக்கு ஒருவரிடம் பொருள் பேசக் கூடாது. தண்ணீர் கொடுக்க வேண்டும், பக்கத்தில் உட்கார வேண்டும்.

கற்பனை எதிர்ப்பக்கமும் ஓடும். நடக்காத கேடுகளை நூறு விதமாகக் கண்டுபிடிக்கும் மனமும் படைப்பாற்றல் உள்ள மனம்தான். ஒரே வருத்தத்தை அசைபோட்டுக்கொண்டே இருப்பது சோர்வை நீட்டிக்கிறது என்பதை சூசன் நோலன்-ஹோக்செமாவின் நீண்ட ஆய்வுகள் நிறுவியிருக்கின்றன. வாரக்கணக்கில் தூக்கம் போய், சாப்பாடு வெறுத்து, வாழ வேண்டாம் என்ற எண்ணம் வருமானால், நாட்குறிப்பும் வண்ணப்பெட்டியும் போதா. மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி-மானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். அந்த எண்ணைக் கைப்பேசியில் குறித்துவைப்பதில் யாருக்கும் கூச்சம் வேண்டாம்.

மூன்றாவது எல்லைதான் மிகவும் முக்கியம். அலிசன் டிராய், ஐரிஸ் மாஸ் முதலியோர் 2013-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நம்மால் மாற்ற முடியாத நெருக்கடியில் இருப்பவர்களுக்கு மறுமதிப்பீட்டுத் திறன் மனச்சோர்வைக் குறைப்பதோடு சேர்ந்துவந்தது. மாற்றக்கூடிய நெருக்கடியில் இருப்பவர்களிடமோ, அதே திறன் கூடுதல் சோர்வோடு சேர்ந்து காணப்பட்டது. எழுந்து எதையாவது செய்ய வேண்டிய இடத்தில் உட்கார்ந்து பொருளை மாற்றிக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும்.

அலுவலகங்களும் நிறுவனங்களும் மன அழுத்தப் பயிற்சி முகாம்களை நடத்தும் காலம் இது. ஆகவே இதைப் பச்சையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று மாதக் கூலி வராத ஒரு தையல் தொழிலாளியின் கோபத்துக்குப் புது விளக்கம் தேவையில்லை. அந்தக் கோபம் நிலைமையைச் சரியாகவே படித்திருக்கிறது. படைப்புச் சிந்தனை அவளுக்கும் வேண்டும்; அதைச் செலவிடும் இடம் மட்டும் வேறு. பக்கத்துத் தையல் எந்திரத்தில் இருப்பவளை எப்படிச் சேர்த்துக்கொள்வது, வருகைப் பதிவின் நகலை யாரிடமிருந்து வாங்குவது, தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுவை எந்தச் சொற்களில் எழுதினால் தள்ளிவிட முடியாது, வேலை போகாமல் இதையெல்லாம் எந்த வரிசையில் செய்வது என்று அவள் ஐந்து வழிகளை யோசிக்கட்டும். முதல் வழி அடைபட்டால் மூன்றாவது வழி அவள் கையில் இருக்கும்.